தீபம் முடிந்து தை பிறக்கும் வரை

டிசம்பர் கடைசி வாரத்தில் திருவண்ணாமலையில் அறை கிடைப்பது கஷ்டம். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, நடுவில் ஒரு சனி ஞாயிறு என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். சென்னை, பெங்களூரு வண்டிகள் ஒரு பக்கம், ஆந்திரா, தெலங்கானா வண்டிகள் இன்னொரு பக்கம். வருகிறவர்களில் பலருக்குப் பெரிய வேண்டுதல் எதுவும் இருக்காது. வருஷம் முழுக்க ஓடியாயிற்று, இரண்டு நாள் மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம், ஒருமுறை கிரிவலம் போகலாம், இந்த வருஷம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் வருகிறார்கள். அது நல்ல ஆசை. அதைக் குறை சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை. ஆனால் ஓய்வெடுப்பதையும் திரும்பிப் பார்ப்பதையும் அவரவர் தனித்தனியாக முடித்துக்கொள்ளும் காரியமாக நினைக்கப் பழகிவிட்டோம். லீவு போட்டாயிற்று, ரூம் போட்டாயிற்று, போனை அணைத்தாயிற்று, அவ்வளவுதான் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் ஓய்வெடுக்க வேண்டுமானால் அவரைச் சுற்றியிருக்கும் ஊர் அதற்கு இடம் விட வேண்டும். ஊர் இடம் விடாதபோது ஒருவருடைய ஓய்வு இன்னொருவர் தலையில் வேலையாகப் போய் விழுகிறது. திருவண்ணாமலையின் பழைய வழக்கங்களில் இந்த அறிவு இருக்கிறது. இன்றைய திருவண்ணாமலை அதை மறந்துகொண்டு வருகிறது.

பஞ்சாங்கத்திலிருந்து தொடங்குகிறேன். அதன்படி டிசம்பர் 31-ல் எதுவும் முடிவதில்லை. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. 2008-ல் தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011-ல் அது ரத்தானது. அந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். எந்தப் பக்கம் நின்றாலும் மார்கழி ஒரு முடிவைச் சேர்ந்த மாதம் என்பதை மறுக்க முடியாது. நமக்கு ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள், தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு, அந்த இரவின் கடைசி ஜாமம் மார்கழி என்பது மரபு. அதனால் இந்த மாதம் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, புதிதாக எதையும் தொடங்குவது கிடையாது. பத்திரிகை அடிக்க வேண்டாம், மொய்க்குக் காசு புரட்ட வேண்டாம், போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று கவலைப்படவும் வேண்டாம். இந்த ஏற்பாட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: யாரும் தனியாக மன உறுதியோடு 'இந்த மாதம் நான் எங்கும் வரமாட்டேன்' என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. ஊரே சேர்ந்து அந்த முடிவை எடுத்து வைத்திருக்கிறது. கடைசி நாள் போகியில் வேண்டாததைக் கழித்துவிட்டுத் தைக்குள் நுழைகிறோம்.

மற்ற ஊர்களைவிடத் திருவண்ணாமலைக்கு இந்த இடைவெளி கூடுதலாகத் தேவைப்பட்டது. காரணம் கார்த்திகை தீபம். பத்து நாள் திருவிழா, மாட வீதிகளில் தேரோட்டம், பத்தாம் நாள் விடியற்காலை பரணி தீபம், மாலை 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து சில நிமிஷங்கள் காட்சி கொடுத்த கையோடு 2,668 அடி உயர மலையுச்சியில் மகா தீபம். ஆள் உயரக் கொப்பரையைத் தோளில் சுமந்துதான் மேலே கொண்டுபோகிறார்கள். தீபம் ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாருக்கு. 3,500 கிலோவுக்குக் குறையாத நெய், ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணி, கூடவே கற்பூரம், அத்தனையும் மனிதர்கள் சுமந்தே மேலே போகிறது. தீபம் அன்றோடு நிற்பதில்லை. பதினோரு நாள் மாலைதோறும் ஏற்றுகிறார்கள். அதற்குப் பிறகு கொப்பரையை இறக்கிக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். எரிந்த துணியும் நெய்யும் சேர்ந்த கரி அடியில் தங்கியிருக்கும். அதைத் திரட்டி, வாசனைப் பொருட்கள் சேர்த்து, தீப மை ஆக்குகிறார்கள். மார்கழித் திருவாதிரையில், ஆருத்ரா தரிசனத்தன்று, அந்த மையை முதலில் நடராஜருக்கு இட்டு, அதன் பிறகே பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள். 2023-ல் தீபம் நவம்பர் 26, ஆருத்ரா டிசம்பர் 27. ஆக, லட்சக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட நெருப்பு, ஆறி இறங்கி விரலால் தொட்டு நெற்றியில் வைக்கும் பொருளாக மாற ஒரு மாத அவகாசம். நடந்து முடிந்த ஒரு பெரிய காரியம் என்ன என்று புரிவதற்கும் அந்த மாதிரி அவகாசம் வேண்டும். டிசம்பர் 30-ந் தேதி வரை ஆபீஸ் மெயிலுக்குப் பதில் எழுதிவிட்டு 31-ந் தேதி இரவு ஒரு வருஷத்தை எடைபோட உட்கார்ந்தால், மனம் அந்த வருஷத்தைத் தராது, முந்தின நாளைத்தான் தரும்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். மார்கழியில் ஓய்வு எங்கே இருக்கிறது? விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு, குளித்துக் கோயிலுக்குப் போக வேண்டும். மற்ற மாதத்தைவிடத் தூக்கம் குறைவு என்று சொல்லலாம். உண்மைதான், அதுவும் அந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆனால் ஓய்வைத் தூக்கத்தின் அளவை வைத்து மட்டும் அளக்க முடியாது என்று நினைக்கிறேன். மார்கழி விலக்கி வைத்தது கொடுக்கல் வாங்கலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைத் திருவண்ணாமலையில்தான் அருளினார் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குச் சிறிய கோயிலும் உண்டு. அந்தப் பதிகத்தில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு கூட்டமாகப் போகிறார்கள். தாய்லாந்தில் அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் இதே பருவத்தில் ஒரு சடங்கில் அதைப் பாடுகிறார்கள், அதன் பெயரிலேயே திருவெம்பாவை ஒட்டியிருக்கிறது. கடல் கடந்து போனபோதும் அது ஊர்ச் சடங்காகவே போயிருக்கிறது. தனக்குள் பார்ப்பது என்றால் தனியாகப் போய் உட்கார்வது என்று நாம் வைத்திருக்கும் கணக்கை அது ஆதரிக்கவில்லை.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. மார்கழி யாருக்கு ஓய்வாக இருந்தது? சம்பா வயலில் களையெடுப்பு முடிந்து கதிர் முற்றிக்கொண்டிருக்கும், அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கும். நிலம் வைத்திருந்தவருக்கு அது மூச்சு விடும் காலம். கூலிக்குப் போனவருக்கு அது வேலையில்லாத காலம், அடுப்பு எரியாத காலம். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்று நாம் சந்தோஷமாகச் சொல்கிறோமே, வழி பிறக்கும் என்று காத்திருந்தவருக்கு மார்கழியில் வழி இல்லாமல் இருந்தது என்பதும் அந்தப் பழமொழிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பழைய காலம் பொற்காலம், எல்லோரும் மார்கழியில் நிம்மதியாக இருந்தார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஊர் சேர்ந்து இடைவெளி விடும் வழக்கத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். அந்த இடைவெளியில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பழைய ஊரிடம் பதில் இல்லை. அதற்குப் பதில் தேடியவர்கள் பின்னால் வந்த தொழிலாளர்கள்.

நாம் இன்று சாதாரணமாக எண்ணும் ஞாயிற்றுக்கிழமையே அப்படிக் கிடைத்ததுதான். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் போராடி 1890-ல் வார விடுமுறையைப் பெற்றுத் தந்தார். சென்னைக் கடற்கரையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்து முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 2021-ல் இன்னொரு திருத்தம் வந்தது. கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்றது அது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு ஸ்டூலில் உட்காருவதற்குக்கூடச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். துணிக்கடையில் நிற்கும் பெண்ணிடம் 'உனக்கு நீயே ஓய்வு கொடுத்துக்கொள்' என்று அறிவுரை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் உட்கார வேண்டுமானால் முதலில் அங்கே ஸ்டூல் இருக்க வேண்டும், உட்கார்ந்தால் யாரும் திட்டக் கூடாது. மன அமைதி பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் இந்த ஸ்டூலைப் பற்றியும் ஒரு அத்தியாயம் எழுதினால் நன்றாக இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு டிசம்பர் கடைசி வாரத் திருவண்ணாமலையைப் பாருங்கள். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மக்கள். விடிந்ததும் பாதையில் கிடப்பது அன்னதானத் தட்டுகள், டீ கப்புகள், தண்ணீர் பாட்டில்கள், கற்பூரக் கரி, தேய்ந்துபோன செருப்புகள். எட்டு லிங்கங்களையும் சுற்றி வந்து மனம் லேசானவர்கள் பஸ் ஏறிய பிறகு, அதே 14 கிலோமீட்டரைத் துடைப்பமும் தள்ளுவண்டியுமாகத் தூய்மைப் பணியாளர்கள் சுற்றுகிறார்கள். தீபத்தின் களைப்பு ஆறுவதற்குள் விடுமுறைக் கூட்டம், அது கலைவதற்குள் புத்தாண்டுக் கூட்டம். லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவர், ஓட்டலில் இலை எடுக்கிறவர், சிறப்புப் பேருந்து ஓட்டுகிறவர், வரிசையில் கயிறு பிடித்து நிற்கும் காவலர், எல்லோருக்கும் மார்கழிதான் அதிக வேலையுள்ள மாதம் என்று ஆகிவிட்டது. கோயில்களில் உச்சிக்காலம் முடிந்ததும் நடை சாத்துவது, அர்த்தஜாமம் முடிந்து சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளப் பண்ணுவது எல்லாம் வழக்கம். தெய்வத்துக்கே பகலில் ஒரு இடைவேளையும் இரவில் ஒரு படுக்கையும் வைத்த மரபு இது. கூட்டம் நிறைந்த நாட்களில் பகல் நடையடைப்பு தள்ளிப்போகிறது. பல ஊர்களில் ஜனவரி 1 நள்ளிரவில் நடை திறக்கிறது. ஆகமத்துக்கு ஒத்ததா இல்லையா என்று அதைப் பற்றி ஆண்டுதோறும் வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் அர்ச்சகரும் பரிசாரகரும் மடைப்பள்ளிக்காரரும் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குத் திருப்தியாக இருக்கும்.

'கூட்டம் வந்தால்தான் இந்த ஊரில் சாப்பாடு, நீங்கள் ஓய்வு பற்றிப் பேசுகிறீர்கள்' என்பது அடுத்த ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது, சமீபத்திய சாட்சியும் இருக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கொரோனாவால் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை இருந்தது. பாதை அமைதியாக இருந்தது. பூக்கட்டுகிறவர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் பாதையோரத்தில் இளநீர், மோர் விற்றவர்களுக்கும் அந்த அமைதியில் வருமானம் நின்றுபோனது. வேலை நிற்பதும் ஓய்வும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. பழைய மார்கழியில் கூலிக்காரருக்கு நடந்ததே திரும்ப நடந்தது. ஆகவே கூட்டத்தை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. சம்பளத்தோடு வராத ஓய்வை ஏழைக்குச் சிபாரிசு செய்வது கொடுமை என்றுதான் சொல்கிறேன். அதே சமயம், 'அவர்களுக்கு வேலை வேண்டும்' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர்களை 365 நாளும் நிற்க வைப்பதையும் ஏற்க முடியாது.

மலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாகச் சரிந்து வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13, தீபம். வல்லுநர்கள் மலையைப் பார்த்துச் சொன்னதை வைத்து, பக்தர்கள் மலையேற அந்த ஆண்டு அனுமதி இல்லை. தீபம் ஏற்றும் பணியில் இருந்தவர்கள் மட்டும் மேலே போனார்கள். பல ஆண்டுகளாக ஏறிவந்தவர்களுக்கு வருத்தம் இருந்தது, ஆனாலும் தீபம் எரிந்தது, கீழே இருந்து எல்லோரும் பார்த்தார்கள். சரிவுக்குக் காரணம் பெருமழை. பக்தர்களின் கால்தடம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலையே சிவம் என்று கும்பிடுகிற நாம், அந்த மலை ஈரமான மண்ணும் தளர்ந்த பாறையுமாக ஒரு உடம்போடு இருக்கிறது என்பதை ஏழு சாவுகளுக்குப் பிறகே நினைவுக்குக் கொண்டுவந்தோம். வடகிழக்குப் பருவமழையின் கடைசியில், சரிவெல்லாம் நீர் குடித்து ஊறி நிற்கும் மாதத்தில்தான் நாம் மலைக்கு அதிகபட்சக் கூட்டத்தைக் கொண்டுபோகிறோம்.

திரும்பிப் பார்ப்பது பற்றி ரமணரை விட்டுவிட்டு இந்த ஊரில் பேச முடியாது. 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் வந்தவர், 1950 ஏப்ரல் 14 வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குப் பேசாமல் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பிறகு 'நான் யார்?' ஆயிற்று. ஆண்டு முடிவில் நாம் போடும் பட்டியல் எல்லாம் 'நான் என்ன செய்தேன், அடுத்த வருஷம் நான் என்ன செய்வேன்' என்று போகிறது. போன் செயலிகளே நாம் கேட்ட பாட்டையும் நடந்த தூரத்தையும் கூட்டிக் கையில் கொடுத்துவிடுகின்றன. அந்தக் கணக்கில் 'நான்' என்ற இடத்தில் யார் இருக்கிறார் என்று கேட்கச் சொன்னவர் அவர். நான் அதிலிருந்து ஒரு சின்ன உபயோகம் எடுத்துக்கொள்கிறேன்: இந்த வருஷம் நான் செய்ததாக நினைக்கும் காரியங்களில் எத்தனை பேர் கை இருந்தது, அவர்களில் யாரால் ஒரு நாள் கூட உட்கார முடியவில்லை? ரமணர் கேட்டது ஆன்ம விசாரம், அதைச் சமூகக் கணக்காகச் சுருக்காதே என்று அத்வைதம் அறிந்தவர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். அவருடைய கேள்வி இதைவிடப் பெரியது. ஆனால் பெரிய கேள்வியைக் கேட்கத் தொடங்குகிறவருக்கு இந்தச் சின்னக் கேள்வி வழியில் வராமல் இருக்காது. இன்னொன்றையும் எனக்கு எதிராகவே எடுத்துக்காட்டலாம். அவருடைய முதுமையில், பகலில் அவர் சற்று ஓய்வெடுக்கட்டும் என்று ஆசிரமத்தார் மதிய வேளையில் பார்வையாளர்களை ஹாலுக்குள் விடாமல் நிறுத்தினார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரத்தானே தடை, நான் வெளியே இருக்கத் தடையில்லையே என்ற கணக்கில். பக்தர்கள் எழுதி வைத்திருக்கும் செய்தி இது. ஓய்வை மறுத்த மகானின் ஊரில் ஓய்வு கேட்பதா? என் பதில்: தன் ஓய்வை விட்டுக்கொடுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது, அவர் அதை அன்பால் செய்தார். அதைக் காட்டி இன்னொருவருடைய ஓய்வைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை வராது.

நடைமுறைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஏற்கெனவே சட்டப்படியான ஒரு இடைவெளிக் காலம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-லிருந்து 61 நாள் ஆனது. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. தொகை போதாது என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் இயற்கைக்கும் இடைவெளி, அதனால் வருமானம் இழப்பவருக்கும் பணம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஏற்பாடு அது. கடலுக்குச் செய்ததை மலைக்குச் செய்ய முடியாதா? தீபத்தின் பதினோரு நாளும் முடிந்து கொப்பரை இறங்கியதும், தை பிறக்கும் வரை மலையில் யாரும் ஏறுவதில்லை என்று வைக்கலாம். 2024-ல் மாநகராட்சியான திருவண்ணாமலை, தீபத்தில் உழைத்த தூய்மைப் பணியாளர்களுக்கு, ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் உட்பட, தீபத்துக்கும் பொங்கலுக்கும் இடையில் சுழற்சி முறையில் தொடர்ந்து சில நாட்கள் சம்பளத்தோடு விடுப்பு தரலாம். அந்த நாட்களுக்குப் பக்கத்து நகராட்சிகளிலிருந்து ஆள் வாங்கலாம். தீபத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து காவலர்களையும் பேருந்துகளையும் கொண்டுவர முடிகிறபோது இது முடியாத காரியமில்லை. உண்டியல் எண்ணிக்கை கோடிகளில் போகும் கோயிலுக்குத் தன் கடைநிலை ஊழியர்களுக்கு இதைச் செய்வது பாரமாக இருக்காது. பூக்கடைக்காரரையும் ஆட்டோக்காரரையும் கட்டாயப்படுத்த முடியாது, கூடவும் கூடாது. ஆனால் அவர்களுக்கு நல வாரியங்கள் இருக்கின்றன. விருப்பப்பட்டுச் சில நாள் கடை மூடுகிறவருக்கு அந்த நாட்களுக்கு ஒரு தொகை என்று அங்கே பேச்சைத் தொடங்கலாம்.

அதெல்லாம் அரசு செய்ய வேண்டியது, நான் ஒரு ஆள் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். டிசம்பர் கடைசி வாரம் வருவதாக இருந்தால் சிலது உங்கள் கையிலேயே இருக்கிறது. டிசம்பர் 31-ஐ விட்டு, ஜனவரியில் பொங்கலுக்கு முன் ஒரு செவ்வாயோ புதனோ வாருங்கள். மலையும் மார்கழியும் அப்போதும் இருக்கும். கிரிவலத்தை நள்ளிரவில் தொடங்காமல் விடியற்காலையில் தொடங்கினால் உங்களுக்காக இரவு முழுக்க ஒரு டீக்கடை விழித்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலைக் கையோடு ஊருக்கே திரும்பக் கொண்டுபோங்கள். அறையில் இரண்டு நாள் தங்கினால் தினமும் விரிப்பு மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த வேலை பார்க்கும் அம்மாவுக்கு வார விடுமுறை உண்டா என்று மேனேஜரிடம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் போவார். ஒரே வாரத்தில் இருபது பேர் கேட்டால் முதலாளியிடம் சொல்லாமல் இருக்க முடியாது.